புணேயின் வடமலைப் பாதைகளும் தெய்வக் காடுகளும்

புணே என்றதும் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் தொழிற்சாலைகளும் மலிந்த பெருநகரமே பலர் நினைவுக்கு வரும். அந்நகரின் பெயரைத் தாங்கிய மாவட்டத்தின் வடமேற்கு மூலையோ முற்றிலும் வேறான ஓர் உலகம். ஜுன்னர், ஆம்பேகாவ், கேட் ஆகிய தாலுகாக்களின் மேற்குப் பகுதி, சஹ்யாத்ரி எனப்படும் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டின்மேல் அமைந்திருக்கிறது. குகடி, கோட், பீமா என்னும் ஆறுகள் அங்கே பிறந்து கிழக்கு நோக்கி ஓடுகின்றன. சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில், பள்ளத்தாக்குகளுக்கு அப்பால் சிதறிக் கிடக்கின்றன. இம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவோர் மகாதேவ கோலிகள் என்னும் பழங்குடியினர். அவர்கள் காத்துவரும் தெய்வக் காடுகள் தாவர நூலாரின் கவனத்தைப் பல பத்தாண்டுகளாகக் கவர்ந்து வந்துள்ளன. அக்காடுகள் இன்றளவும் எவ்வாறு பிழைத்திருக்கின்றன என்பது ஆராயத்தக்க கேள்வி.

நிலத்தின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வது நல்லது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் பூமியின் பிளவுகளினின்று பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு, அடுக்கடுக்காக உறைந்து தக்காணப் பீடபூமியாயிற்று. ஓர் அடுக்கு இறுகிய கருநிறப் பசால்ட் பாறை. அடுத்தது காற்றுக் குமிழிகள் நிறைந்து எளிதில் சிதையும் பாறை. மேற்கே இவ்வடுக்குகள் செங்குத்தாக அறுபட்டுக் கொங்கணத்தின்மேல் மதில்போல் நிற்கின்றன; கிழக்கே படிப்படியாகச் சரிந்து சமவெளியை அடைகின்றன. அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று இம்மதிலில் மோதி மேலெழும்பிக் குளிர்ந்து, தன் நீரை முகட்டிலேயே கொட்டிவிடுகிறது. பீமாசங்கரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்ய, மழை மறைவில் இருக்கும் புணே நகருக்குக் கிடைப்பது சுமார் 700 மில்லிமீட்டரே. ஆயினும் முகட்டின் மழை முழுவதும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதங்களில் பெய்து தீர்ந்துவிடும். எஞ்சிய எட்டு மாதங்களுக்கு அந்த மலையூர்கள் ஊற்றை நம்பியே வாழ வேண்டும். மழை மிகுந்த நாட்டில் கோடையில் குடிநீருக்கு அலையும் நிலை வியப்பாகத் தோன்றலாம். சஹ்யாத்ரியில் அது ஆண்டுதோறும் நிகழ்வது.

பழைய கணவாய்கள்

இம்மலைகள் எட்டாக்கையில் இருப்பவை என்பது மோட்டார்ச் சாலைகள் வந்தபின் தோன்றிய எண்ணம். 2,000 ஆண்டுகளுக்கு முன்னர் தக்காணத்தின் வாணிகம் இவற்றின் வழியாகவே கடலுக்கு இறங்கிற்று. ஜுன்னருக்கு மேற்கே உள்ள நாணேகாட் கணவாய் அதற்குச் சான்று. பாறையைக் குடைந்தமைத்த படிவழியின் தலைப்பில் ஒரு குகை. அதன் சுவர்களில் சாதவாகன அரசி நாகனிகாவின் பிராமி எழுத்துக் கல்வெட்டு. செய்த வேள்விகளும் அவற்றிற்கு அளித்த பசுக்கள், குதிரைகள், நாணயங்களின் தொகையும் அதில் வரிசையாகக் கூறப்பட்டுள்ளன. தானக் கணக்கு எழுதப் புகுந்ததால், இந்திய எண்குறிகளின் மிகப் பழைய வடிவங்கள் சில நமக்குக் கிடைத்துவிட்டன. கணித வரலாற்றாசிரியர்கள் இக்குகையைக் குறிப்பிடாமல் மேற்செல்வதில்லை. வழியோரம் ஒரு பெரிய கற்சாடி இன்றும் இருக்கிறது. சுங்கக் காசு சேர்த்த உண்டியல் அது என்பது மரபு.

இத்தகைய வழிகளைக் காலால் நடந்து ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி (1907-1966). அவர் தொழிலாற் கணித அறிஞர்; பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவாறே புணேயில் வசித்தார். ஓய்வு நாட்களில் புணே மாவட்டத்துப் பாதைகளில் நடந்து, ஊர்ப்புறத்துத் தாய்த்தெய்வங்களின் இருப்பிடங்களைக் குறித்துக்கொண்டார். அவர் கண்டது சுவையானது. கூரையற்ற வெட்டவெளியில், செந்தூரம் பூசிய கல்லாக, துணைக்கு ஆண் தெய்வம் இன்றி நிற்கும் இத்தேவியர் பலர், ஊரின் நடுவே இல்லாமல் பழைய தடங்களின் ஓரத்தில் இருந்தனர்; அதே தடங்களில் கற்கால மக்களின் நுண்கற்கருவிகளும் கிடைத்தன. உழவு தோன்றுமுன் வேட்டையாடியும் ஆடுமாடு மேய்த்தும் திரிந்தோர் சந்தித்த இடங்களே இவையென்றும், அத்தேவியரைச் சூழ்ந்த தோப்புகள் அக்காலத்தின் மிச்சம் என்றும் அவர் கருதினார். 1962ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரைத் தொகுதியில் இதனை விளக்கியிருக்கிறார். அவர் முடிவுகள் அனைத்தும் ஏற்கத்தக்கனவா என்பதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. எனினும் நூலகத்தில் அகப்படாத சான்று நடைவழியில் அகப்படும் என்பதை அவர் ஐயமின்றி நிறுவிவிட்டார்.

மகாதேவ கோலிகள்

கோலி என்னும் பெயர் பம்பாய்க் கடற்கரை மீனவர்க்கும் உண்டு. மலையில் வாழும் மகாதேவ கோலிகள் அவர்களினின்று வேறானவர்கள். அட்டவணைப் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டவர்கள். மராட்டியர் காலத்தில் இவர்களுடைய நாயக்குகள் கணவாய்களையும் மலைக்கோட்டைகளையும் காக்கும் பொறுப்பை வகித்தனர். 1818இல் பிரிட்டிஷ் ஆட்சி வந்தபின் அவ்வுரிமைகள் குறைக்கப்படவே, கிளர்ச்சிகள் எழுந்தன. அவற்றின் தலைவர்களுள் ஒருவரான ராகோஜி பாங்க்ரே 1848இல் தாணாவில் தூக்கிலிடப்பட்டார். இம்மக்களைப் பற்றிய முதல் விரிவான நூற்குறிப்பை 1830களில் எழுதிய காப்டன் மக்கின்டாஷ், அவர்களை அடக்க அனுப்பப்பட்ட அதிகாரியே ஆவார். பிடிக்க வந்தவர் கையால் எழுதப்பட்ட குறிப்பு என்பதை நினைவிற் கொண்டே அதனைப் படிக்க வேண்டும். பின்னர் 1957இல் சமூகவியல் அறிஞர் குர்யே இவர்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார்.

பள்ளத்தாக்கின் அடியில் நெல்லும், சரிவுகளில் கேழ்வரகும் சாமையும் இவர்களுடைய பயிர்கள். நாற்றங்காலுக்கு இவர்கள் செய்யும் 'ராப்' என்னும் முறை குறிப்பிடத்தக்கது. கோடையில் மரக்கிளைகளையும் இலைகளையும் சாணத்தையும் நாற்றங்காலில் பரப்பி, மழைக்கு முன் எரித்துவிடுவர். சூட்டினால் களைவிதைகள் மடிகின்றன; சாம்பலிலுள்ள பொட்டாஷ் நாற்றுக்கு உரமாகிறது. கொட்டும் மழையில் களையெடுக்க இயலாத நிலத்துக்கு இது பொருத்தமான உத்தி. ஆயின் கிளைகள் காட்டிலிருந்துதான் வர வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் காட்டிலாகா இதனைத் தடுக்க முற்பட்டதில் எழுந்த பூசல்கள், 1880களில் பம்பாய் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவையே நியமிக்கும் அளவுக்கு முற்றின.

வீட்டுச் சுவர்களும் காட்டுப் பொருளே. 'கார்வி' என்னும் புதரின் நேரான தண்டுகளை வரிச்சாக நிறுத்தி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவர். கார்வி நம் நீலக்குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதுபோல், இது 7 அல்லது 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுவதும் ஒருசேரப் பூத்து, விதை உதிர்த்து, மடிந்துவிடுகிறது. எல்லாச் செடிகளும் ஒரே ஆண்டில் விதைத்தால், விதை தின்னும் உயிர்கள் உண்டு தீர்க்க இயலாமல் ஏராளமானவை முளைக்க வாய்ப்புண்டு என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். பூத்த ஆண்டில் தேனீக்களுக்கும், தேன் எடுப்போருக்கும் கொண்டாட்டம்.

கைக்காசுக்கு வழி கடுக்காய். மராத்தியில் 'ஹிர்டா' எனப்படும் இதன் முதிராத பிஞ்சுகளைக் கோடையில் பறித்து உலர்த்தி விற்கின்றனர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய்ப் பிஞ்சு என்று நிறுத்துக் கொடுக்கப்படுவது இதுவே. தோல் பதனிடவும் இதிலுள்ள துவர்ப்பொருள் உதவுகிறது. மழைக்கு முன் விதை, துணி, உப்பு வாங்க வேண்டிய தருணத்தில் கைக்கு வரும் பணமாதலால், கடுக்காய் மரத்தை வெட்ட ஒருவரும் எளிதில் ஒப்பார். 2020 ஜூன் 3 அன்று கொங்கணக் கரையைக் கடந்த நிசர்கா புயல், ஜுன்னர், ஆம்பேகாவ் மலைகளில் இம்மரங்களை வீழ்த்தியபோது பல குடும்பங்களுக்கு அது நெடுநாளைய நட்டமாயிற்று. புதிதாக நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

தேவராயி

உழுதும், எரித்தும், பறித்தும் பயன்கொள்ளப்படும் இச்சரிவுகளின் நடுவே, ஒருவரும் கைவைக்காத சிறு காடுகள் திட்டுத்திட்டாக நிற்கின்றன. இவற்றிற்கு 'தேவராயி' என்று பெயர். 'ராயி' என்றால் மரத்தோப்பு. பைரவநாதர், காளகாயி, வாகோபா எனத் தெய்வங்களின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். கோட் ஆறு பிறக்கும் ஆஹுபே ஊரிலுள்ள தேவராயி இவற்றுள் பெயர்பெற்றது. தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதுமையன்று. நம் ஐயனார் கோயிற்காடுகள் இவ்வகையே. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு பெரும்பாலும் அழிந்து, மரக்காணத்தை அடுத்த புத்துப்பட்டு போன்ற கோயிற்காடுகளில்தான் இன்று எஞ்சியுள்ளது.

விதிகள் எங்கும் ஒன்றல்ல. சில தோப்புகளில் உதிர்ந்த சருகையும் எடுத்தல் ஆகாது. சிலவற்றில் காய்ந்த விறகு எடுக்கலாம். ஊர்ப் பொதுவில் ஒரு பெருந்தேவை நேர்ந்தால் தெய்வத்திடம் 'கௌல்' கேட்பர்: கல்லின்மேல் தானியமணியையோ பூவிதழையோ ஒட்டிவைத்து, வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு என்று கொள்வர். கொங்கு நாட்டில் பூக்கேட்டல் என்று வழங்குவதை ஒத்தது இது. இதனை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. ஆனால் கௌல் கேட்பது ஊரார் அனைவர் முன்னிலையிலும் நடக்கும் செயல் என்பதைக் கவனிக்க வேண்டும். இரவில் தனியொருவன் மரம் வெட்டிக்கொண்டு போவதற்கும், ஊர் கூடி ஒரு மரத்தைக் கேட்டுப் பெறுவதற்கும் உள்ள வேறுபாடே இங்கு காட்டைக் காத்தது.

இக்காடுகளை முறையாக ஆராய்ந்தவர்கள் புணேயைச் சேர்ந்த இருவர்: மகாராஷ்டிர அறிவியல் வளர்ச்சிக் கழகத்துத் தாவரவியலார் வர்தக், சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில். 1970களில் ஊர் ஊராகச் சென்று மேற்கு மகாராஷ்டிரத்தின் தேவராயிகளை அவர்கள் அட்டவணைப்படுத்தினர். 1976இல் ஒரு கட்டுரையும், 1981இல் இருநூற்றுக்கு மேற்பட்ட தோப்புகளின் பட்டியலும் வெளியாயின. மா, நாவல், தான்றி, காயா, கூந்தற்பனை முதலியன அங்கே இயல்பான வளர்ச்சியில் நின்றன. கொலாபா மாவட்டத்து (இன்றைய ராய்கட்) தோப்பொன்றில், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த என்டாடா என்னும் பெருங்கொடி தன்னந்தனியாகக் கிடைத்தது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமான காய் காய்க்கும் இக்கொடியை மாட்டு வைத்தியத்துக்காக நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் தேடி வந்தனர். சுற்றிலும் எங்கும் இல்லாத ஓர் இனம் ஒரே தோப்பில் பிழைத்திருந்ததென்றால், அத்தோப்பை இழப்பதன் பொருள் விளங்கும்.

அவர்களுடைய ஆராய்ச்சிக் காலத்து நிகழ்ச்சி ஒன்று, மலைக்குக் கீழே கொங்கணத்தில் ஸ்ரீவர்தன் தாலுகாவைச் சேர்ந்த காணி என்ற சிற்றூரில் நடந்தது. 1970களின் தொடக்கத்தில், அவ்வூர்த் தேவராயியின் மரங்கள் வெட்டுவதற்குக் குறியிடப்பட்டன. ஊரார் புணேயின் தாவர அறிஞர்களின் உதவியை நாடினர். தெய்வக் குற்றம் ஒன்றையே அவர்கள் காரணமாகச் சொல்லவில்லை. தோப்பிலிருந்து ஒரு நீரோடை புறப்படுகிறது. மரம் போனால் ஓடையும் போகும் என்றனர். முறையீடு பயன் தந்தது, தோப்பு தப்பியது.

ஊரார் கூற்றில் எவ்வளவு உண்மை? மரம் நீரை உண்டாக்குவதில்லை; உண்மையில் அது வேரால் நீரை உறிஞ்சிக் காற்றில் விடுகிறது. ஆகவே எல்லா நிலத்திலும் காடு இருந்தால் நீர் பெருகும் என்று பொதுப்படக் கூறுவது பிழை. சஹ்யாத்ரியின் நிலைமை வேறு. இங்கே பெருமழை குறுகிய காலத்தில் பெய்கிறது. மொட்டையான சரிவில் துளிகள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிட, நீர் வழிந்தோடி, மண்ணையும் வாரிச் செல்கிறது. சருகு மெத்தையும் வேர்த்துளைகளும் மண்புழுக்களும் உள்ள காட்டுத் தரையிலோ நீர் உள்ளிறங்குகிறது. குமிழிகள் நிறைந்த பாறையடுக்கில் ஊறிச் சென்று, இறுகிய பசால்ட்டைத் தொட்டதும் கீழிறங்க வழியின்றிப் பக்கவாட்டில் நகர்ந்து, அவ்வடுக்கு சரிவில் வெளிப்படும் இடத்தில் ஊற்றாகக் கசிகிறது. தேவராயிகள் பல இத்தகைய ஊற்றுக் கண்களின்மேல் அமைந்திருப்பது தற்செயல் அன்று எனக் கருத இடமுண்டு. குகடி ஆற்றின் பிறப்பிடமாகக் கொள்ளப்படும் குகடேஷ்வரும், பீமாவின் பிறப்பிடமான பீமாசங்கரும் கோயில்களே.

அணிலும் சரணாலயமும்

பீமாசங்கரைச் சூழ்ந்த ஏறத்தாழ 131 சதுர கிலோமீட்டர் காடு 1985இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் சிறப்பு 'ஷேக்ரு' எனப்படும் மலையணில். மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கு. வாலோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள இச்செந்நிற விலங்கு, மர உச்சியிலேயே உண்டு, உறங்கி, குஞ்சுச் சுள்ளிகளால் பந்துபோன்ற கூடுகள் பல கட்டுகிறது. தரைக்கு இறங்குவது அரிது. மரத்திலிருந்து மரத்துக்குத் தாவ, கிளைகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் அணிலுக்கு அது ஆறு குறுக்கிட்டதுபோல. அரை ஏக்கர் தேவராயி ஒன்று ஓர் அரிய கொடியைக் காக்கலாம்; மலையணில் கூட்டத்தைக் காக்க இயலாது. அதற்குத் தோப்புகளுக்கு இடையேயுள்ள கடுக்காய் மரங்களும் வேண்டும். எனவே அவற்றை வைத்திருக்கும் உழவரும் வேண்டும்.

சரணாலயச் சட்டமோ ஊராரின் உரிமைகளைச் சுருக்கிற்று. தம் தெய்வத்தின் காட்டில் காவலராக இருந்தவர்கள், அதே காட்டில் அனுமதி கேட்டு நுழைபவர்களாயினர். கீழே கோட் ஆற்றில் கட்டப்பட்ட டிம்பே அணை பல ஊர்களை மூழ்கடித்தது. நிலம் இழந்தோர் செங்குத்தான சரிவுகளை நாட வேண்டியதாயிற்று. 2014 ஜூலை 30 காலை, பெருமழைக்குப் பின் ஆம்பேகாவ் தாலுகாவின் மாளின் கிராமத்தின்மேல் மலைச்சரிவு இறங்கி, 150க்கு மேற்பட்டோர் மாண்டனர். வழக்கமாக அவ்வழியே வரும் அரசுப் பேருந்தின் ஓட்டுநர், இருந்த ஊரைக் காணாமல் செய்தி தெரிவித்ததால்தான் வெளியுலகுக்கு அது தெரிந்தது. மழையும் சிதைந்த பாறையும் முதற் காரணங்கள். சரிவைச் சமப்படுத்தி வயலாக்கியதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. உரிய இடமின்றி மலைமேல் நெருக்கப்பட்ட மக்களின் நிலையையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தம் சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை வழங்கியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானத்து 'ஓரண்' என்னும் தெய்வக் காடுகள் பற்றிய வழக்கில், அவற்றை அளந்து பதிவு செய்ய ஆணையிட்டதோடு, நாடு முழுவதற்கும் ஒரு கொள்கை வகுக்குமாறு மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. பதிவு அவசியமே. ஆனால் தேவராயிக்கு இன்று நேரும் கேடு பெரும்பாலும் கோடரியால் வருவதன்று. பக்தியின் மிகுதியால் வருவது. வெயிலிலும் மழையிலும் நின்ற கல்லுக்குச் சிமெண்டுக் கோயில், கோயிலுக்குச் சாலை, சாலை முடிவில் வண்டி நிறுத்த வெட்டவெளி என ஒவ்வொன்றும் சில மரங்களைக் கேட்கிறது. நகரத்தில் வேலைக்குச் சென்ற இளைஞர்கள் நன்கொடை சேர்த்துச் செய்யும் திருப்பணி அது. தேவிக்குக் கூரை பிடிக்காது என்று சொல்லும் முதியோர் குறைந்து வருகின்றனர். பட்டியலில் பெயர் ஏறிவிடுவதால் மட்டும் இது நிற்காது; விதியை வகுத்த ஊரே அதை மறுபடி எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது.

இம்மலைகளுக்குப் பயணம் செய்ய விரும்புவோர் புணேயிலிருந்து சுமார் 95 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜுன்னரையோ, 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பீமாசங்கரையோ தொடக்கமாகக் கொள்ளலாம். கொங்கணத்துக் காண்டஸ் ஊரிலிருந்து பீமாசங்கருக்கு ஏறும் வழிகள் இரண்டு: கணபதி காட் நீண்டது, எளிது, சிடி காட் குறுகியது, இரும்பு ஏணிகள் கொண்டது, மழையில் ஆபத்தானது. மழைக்கால இரவுகளில் பீமாசங்கர்க் காட்டின் மட்கிய சுள்ளிகள் சிலவற்றில் பசுமை கலந்த ஒளி தெரியும். ஒருவகைப் பூஞ்சணத்தின் வேதிவினையால் வெப்பமின்றி எழும் ஒளி அது. தீபாவளிக்கு முன் வரும் வாக்பாரஸ் நாளில் கோலிகள் புலித்தெய்வமான வாகோபாவுக்குப் படையல் இடுவர். தேவராயியின் எல்லையில் காலணியைக் கழற்றிவிடுவது ஊர் வழக்கம். வழியடையாளத்துக்காகக் கிளை ஒடிப்பதும், நினைவுப்பொருளாக விதை எடுப்பதும் கூடா. ஊரார் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் சென்றால், எந்த ஊற்றில் மே மாதத்திலும் நீர் இருக்கும் என்பதை அவர் காட்டுவார்.